கட்டுமுன் கட்டிப் பார்!

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்று நம் முன்னோர் கூறினர். வெளியில் நின்று பார்க்கும்போது எளிதாகத் தோன்றும் இவ்விரண்டும், தொடங்கிய பின்னரே தம் பாரத்தைக் காட்டும் என்பது அதன் பொருள். கல்யாணத்தைப் பற்றிப் பெரியவர்கள் பேசிக் கொள்ளட்டும். மாணவிகளாகிய நீங்கள் வீட்டைப் பற்றி என்னோடு சற்றுச் சிந்தியுங்கள்.

அடித்தளம் போட்டுவிட்டுக் கோபுரத்தை முடிக்க முடியாமல் நின்ற மனிதனைப் பற்றி லூக்கா நற்செய்தியின் 14ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். சீடராவதன் விலையை விளக்க ஆண்டவர் கூறிய உவமை அது. ஆயினும் கொத்தனாருக்கும் அதில் ஒரு பாடம் உண்டு. கட்டத் தொடங்குமுன் உட்கார்ந்து கணக்குப் பார்க்க வேண்டும் என்பதே அந்தப் பாடம். அந்தக் கணக்கை இந்நாளில் கணிப்பொறி எவ்வாறு பார்க்கிறது, அதனால் யாருக்கு நன்மை என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

நேற்றுச் சுமந்த செங்கல்

ஒரு நாள் மாணவி ஒருத்தியின் தாயார் மகளின் மதிப்பெண் பட்டியலில் கையெழுத்திட வந்திருந்தார். கட்டட வேலையில் சித்தாளாக இருப்பவர். விரல்களில் சிமென்ட் பட்டுத் தோல் வெடித்திருந்தது. வேலை எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "நேத்து நான் சுமந்து குடுத்த செங்கல்லுதான் டீச்சர், இன்னைக்கு அதையே இடிச்சு அள்ளிக் கொட்டச் சொல்றாங்க. குழாய் போற எடத்துல செவுரு வந்துடுச்சாம்" என்றார்.

இக்காட்சியை நீங்களும் கண்டிருப்பீர்கள். சுவர் பூசி முடிந்திருக்கும். மறுநாள் மின்சாரப் பணியாளர் வந்து உளியும் சுத்தியலுமாகக் காடி வெட்டுவார். அடுத்து குழாய் வேலைக்காரர் வந்து வேறோர் இடத்தில் உடைப்பார். மாடிப்படிக்கு மேல் பீம் தாழ்ந்து வந்து தலையில் இடிக்கும். கதவைத் திறந்தால் ஜன்னல் மறையும். வீட்டுக்காரருக்குப் பண நஷ்டம். கொத்தனாருக்குக் கெட்ட பெயர். ஆனால் பிழையின் பாரம் முழுவதையும் தலையில் சுமப்பவர் அந்தச் சித்தாள்தான்.

பிழை சுவரிலா பிறந்தது? இல்லை. அது தாளிலேயே இருந்தது. அதை யாரும் காணவில்லை.

தாளில் மறைந்து நிற்கும் மூன்றாவது அளவு

ஒரு சாக்பீஸ் பெட்டியை மேசைமேல் வைத்து மேலிருந்து பாருங்கள். நீளமும் அகலமும் தெரியும், உயரம் தெரியாது. முன்னால் நின்று பார்த்தால் நீளமும் உயரமும் தெரியும், அகலம் தெரியாது. கட்டட வரைபடங்களும் இத்தகையனவே. மேலிருந்து பார்ப்பது 'பிளான்'. எதிரே நின்று பார்ப்பது 'எலிவேஷன்'. கத்தியால் வெட்டியது போல உள்ளே காட்டுவது 'செக்‌ஷன்'. இம்மூன்றையும் மனத்திற்குள் இணைத்துத்தான் மேஸ்திரி கட்டடத்தைக் கற்பனை செய்து கொள்கிறார்.

சிறு வீட்டிற்கு இது போதும். ஆனால் பெரிய கட்டடத்தின் சுவர்களை ஒருவர் வரைகிறார். பில்லர், பீம்களை மற்றொருவர் வரைகிறார். தண்ணீர்க் குழாய்களை வேறொருவரும், மின்கம்பிகளை இன்னொருவரும் வரைகிறார்கள். ஒவ்வொருவர் தாளும் தனித்தனியே சரியாகவே இருக்கும். நான்கையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் குழப்பம் தெரியும்.

நம் கள்ளக்குறிச்சி 2019 நவம்பர் 26 அன்று தனி மாவட்டமாயிற்று. சிறுவங்கூரில் எழுந்த அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரி 12 அன்று திறக்கப்பட்டது. அத்தகைய மருத்துவமனை ஒன்றை எண்ணிப் பாருங்கள். கூரைக்கடியில் ஆக்சிஜன் குழாய், குடிநீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய், மின்கம்பிகள், தீயணைப்புக் குழாய், காற்றுப் பாதை என எத்தனையோ செல்ல வேண்டும். இவை யாவும் ஒன்றையொன்று இடிக்காமல் செல்வதற்குத் தட்டையான தாள் மட்டும் போதுமா? ஆகவேதான் நீளம், அகலம், உயரம் மூன்றையும் உடைய முப்பரிமாண மாதிரியைக் கணிப்பொறிக்குள் கட்டுகிறார்கள்.

மோதலைக் காட்டும் கணக்கு

இது மந்திரமன்று, நீங்கள் வகுப்பில் படிக்கும் ஆயத்தொலைவுக் கணிதமே. ஓர் அறையின் தென்மேற்கு மூலையின் தரையை 0 என்று வைத்துக் கொள்வோம். அங்கிருந்து கிழக்கே செல்லும் தூரம் எக்ஸ். வடக்கே செல்லும் தூரம் ஒய். மேலே செல்லும் உயரம் இஸட். இப்போது ஒரு பீமையும் ஒரு கழிவுநீர்க் குழாயையும் எண்களாக எழுதுவோம்.

பீம்: கிழக்கே 0 முதல் 5 மீட்டர் வரை, வடக்கே 3.00 முதல் 3.23 மீட்டர் வரை; உயரத்தில் 2.55 முதல் 3.00 மீட்டர் வரை.

குழாய்: கிழக்கே 2.00 முதல் 2.10 மீட்டர் வரை, வடக்கே 1 முதல் 6 மீட்டர் வரை, உயரத்தில் 2.80 முதல் 2.90 மீட்டர் வரை. (குழாயின் சிறு சரிவை இங்கே கணக்கில் கொள்ளவில்லை.)

விதி மிக எளிது. மூன்று திசைகளிலும் இரு பொருள்களின் அளவுகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் அவை மோதுகின்றன. ஒரு திசையிலாவது விலகியிருந்தால் மோதல் இல்லை. நம் குழாய் மூன்று திசைகளிலும் பீமுக்குள் விழுகிறது! பிளானில் பார்த்தால் ஒரு கோட்டை மற்றொரு கோடு கடப்பதாக மட்டுமே தெரியும். குழாய் பீமுக்குக் கீழே செல்கிறதா, பீமின் வயிற்றிலேயே பாய்கிறதா என்பதை அது சொல்லாது. கணிப்பொறியோ ஆயிரக்கணக்கான பீம்களையும் குழாய்களையும் இவ்வாறே ஒப்பிட்டு, மோதும் இடங்களைச் சிவப்பு நிறத்தில் காட்டிவிடும்.

திரையில் பிழையைக் கண்டால் பொறியாளர் குழாயை 2.40 முதல் 2.50 மீட்டர் உயரத்திற்கு இறக்கிவிடலாம். சில நிமிட வேலை. பீமில் கான்கிரீட் போட்ட பிறகு கண்டால் என்ன ஆகும்? யாரோ ஒருவர் பீமைக் குடைவார். அவசரத்தில் உள்ளிருக்கும் கம்பியையும் அறுத்து விடுவார். பிறகு அதன்மேல் பூசி மறைத்து விடுவார்கள். அந்தப் பீமின்மேல் ஒரு வகுப்பறை இருக்கிறது என்றால், அறுபட்டது வெறும் கம்பியா? அங்கே அமரும் குழந்தைகளின் பாதுகாப்பல்லவா?

படமன்று, பதிவேடு

கணிப்பொறித் திரையில் படம் வரையும் வித்தைக்கு 1963இல் அமெரிக்காவில் ஐவன் சதர்லாண்டு என்பவர் 'ஸ்கெட்ச்பேட்' என்ற நிரலால் வழிகாட்டினார். 1982இல் 'ஆட்டோகேட்' வந்தது. வரைவு மேசையும் டி-ஸ்கொயரும் மெல்ல மெல்ல ஓய்வு பெற்றன. எனினும் அதில் பெரும்பாலும் வரையப்பட்டவை கோடுகளே. சுவர் என்பது அங்கே இரண்டு கோடுகள், அவ்வளவுதான்.

இன்றைய முறையில் சுவர் தன்னைச் சுவர் என்று அறியும். அதன் நீளம், தடிமன், செங்கல்லா சிமென்ட் கல்லா என்னும் விவரம், அதிலுள்ள ஜன்னல் யாவும் அதனோடு சேர்த்து எழுதப்பட்டிருக்கும். ஜன்னலை நகர்த்தினால் பிளான், எலிவேஷன், செக்‌ஷன் மூன்றும் தாமே மாறும். செங்கல் கணக்கும் மாறும். இதற்கு 'பில்டிங் இன்ஃபர்மேஷன் மாடலிங்' என்று பெயர். சுருக்கமாக 'பிம்' என்பர். பிரிட்டனில் மத்திய அரசின் கட்டடப் பணிகளுக்கு 2016 ஏப்ரல் முதல் இம்முறை கட்டாயமாக்கப்பட்டது.

மலைச் சரிவில் ஒரு பள்ளி

இதனால் கல்வராயன் மலைக்கு என்ன பயன் என்று கேட்கலாம். சமவெளியைவிட அங்கேதான் பயன் அதிகம் என்பேன்.

கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையை விட்டு மலைப்பாதையில் ஏறி வெள்ளிமலைக்குச் சென்றவர்களுக்குத் தெரியும். ஒவ்வொரு மூட்டை சிமென்டும் ஒவ்வொரு கட்டு இரும்புக் கம்பியும் அந்த வளைவுகளில் ஏறித்தான் மலையாளி பழங்குடி மக்களின் ஊர்களுக்குச் சென்று சேர வேண்டும். 8 மீட்டர் நீளமும் 6 மீட்டர் அகலமும் உள்ள ஒரு வகுப்பறைக்கு 12 செ.மீ. தடிமனில் கூரை போடுவதாக வைத்துக் கொள்வோம். கன அளவு 8 × 6 × 0.12 = 5.76 கன மீட்டர். கம்பியோடு சேர்ந்த கான்கிரீட் ஒரு கன மீட்டர் சுமார் 2,500 கிலோ எடையுள்ளது. எனவே கூரை மட்டும் 14,400 கிலோ! தடிமன் கணக்கில் 1 செ.மீ. தவறினால் 1,200 கிலோ கூடும் அல்லது குறையும். கூடினால் வீண் செலவு; குறைந்தால் பாதி வேலையில் லாரிக்காகக் காத்திருக்க வேண்டும்; அதற்குள் மழை வரலாம். மாதிரியிலிருந்து எடுக்கும் கணக்கு இத்தகைய தவறைத் தடுக்கிறது.

சரிவைப் பற்றியும் ஒரு கணக்குப் பார்ப்போம். 5 மீட்டர் நடந்தால் 1 மீட்டர் உயரும் சரிவில், 20 மீட்டர் நீளமும் 8 மீட்டர் அகலமும் உள்ள பள்ளிக் கட்டடம் கட்ட வேண்டும். நீளப் பக்கத்தைச் சரிவின் மேல்நோக்கி வைத்தால் இரு முனைகளுக்கும் 4 மீட்டர் உயர வேறுபாடு. ஏறக்குறைய ஒரு மாடிக்கும் மேல். அத்தனை மண்ணையும் வெட்ட வேண்டும் அல்லது நிரப்ப வேண்டும். அதே கட்டடத்தைக் குறுக்காகத் திருப்பி, மலையை ஒட்டிப் படுக்க வைத்தால் வேறுபாடு 1.6 மீட்டர்தான். வெட்டிய மலை மழைக்காலத்தில் சரியும் என்பதால், வெட்டு குறைவது பணத்திற்கு மட்டுமன்று, உயிருக்கும் நல்லது. திரையில் கட்டடத்தைத் திருப்பிப் பார்க்க ஒரு விரல் போதும். மலையில் கட்டிய பின் திருப்ப யாரால் முடியும்?

மேலும், மழைநீர் எந்தப் பக்கம் வடியும், தாங்கு சுவர் எங்கே வேண்டும், காலை வெயில் எந்த வகுப்பில் விழும் என்பவற்றையும் மாதிரியில் முன்கூட்டியே காணலாம். நடக்க இயலாத ஒரு மாணவி சக்கர நாற்காலியில் வருவாளா என்பதையும் அப்போதே கேட்க வேண்டும். 1 பங்கு உயரத்திற்கு 12 பங்கு நீளம் என்பது சாய்தளத்திற்குரிய விதி. பேஸ்மட்டம் 60 செ.மீ. உயரமானால் சாய்தளம் 7.2 மீட்டர் நீளம் வேண்டும். கடைசியில் நினைத்துக் கொண்டால் அதற்கு இடமிராது. முதலில் நினைத்தால் இடமுண்டு.

பிழிந்து கட்டிய வீடு

மாதிரி மனிதருக்கு வழிகாட்டுவதோடு நிற்கவில்லை. அது இயந்திரத்திற்கும் கட்டளையிடத் தொடங்கியுள்ளது. சென்னை ஐ.ஐ.டி. வளாகத்தில் அக்கல்வி நிலையத்தின் முன்னாள் மாணவர்கள் தொடங்கிய 'த்வஸ்தா' நிறுவனம், 600 சதுர அடி வீடு ஒன்றை முப்பரிமாண அச்சு முறையில் கட்டியது. 2021 ஏப்ரலில் அது திறக்கப்பட்டது. பெங்களூரில் 1,021 சதுர அடி அஞ்சலகம் ஒன்று சென்னை ஐ.ஐ.டி.யின் தொழில்நுட்ப ஆலோசனையோடு இம்முறையிலேயே சுமார் ஒன்றரை மாதத்தில் கட்டப்பட்டு, 2023 ஆகஸ்ட் 18 அன்று திறக்கப்பட்டது.

வேலை நடக்கும் விதம் நம் அடுப்பங்கரையை நினைவூட்டும். முறுக்கு அச்சில் மாவைப் பிழிவது போல், இயந்திரம் கெட்டியான கான்கிரீட் கலவையைப் பிழிந்து கொண்டே நகரும். ஒரு வரிசையின்மேல் அடுத்த வரிசை என்று சுவர் உயரும். கணிப்பொறியிலுள்ள மாதிரியைக் கிடைமட்டமாகப் பல அடுக்குகளாகச் சீவி, ஒவ்வோர் அடுக்கின் பாதையையும் இயந்திரத்திற்குக் கொடுக்கிறார்கள். மாதிரியில் ஒரு ஜன்னல் விடுபட்டால் சுவரிலும் விடுபடும். "இங்கே ஜன்னல் வேண்டாமா, சார்?" என்று கேட்க அந்த இயந்திரத்திற்குக் கொத்தனாரின் அனுபவம் கிடையாது. ஆகவே மாதிரி எவ்வளவுக்கு வலிமை பெறுகிறதோ, அவ்வளவுக்கு அதை வரைபவரின் பொறுப்பும் கூடுகிறது.

எரிந்த ஆலயத்தின் நினைவு

புதிதாகக் கட்டுவதற்கு மட்டுமன்று, இழந்ததை மீட்பதற்கும் அளவுகள் உதவும். பாரிஸ் மாநகரின் நோத்ருதாம் பேராலயத்தை நீங்கள் அறிவீர்கள். ஆண்ட்ரூ டாலன் என்ற கலை வரலாற்றுப் பேராசிரியர் 2010இல் அந்த ஆலயத்தை லேசர் கருவியால் அளக்கத் தொடங்கினார். கருவி ஒளிக்கதிரை அனுப்பும். அது கல்லில் பட்டுத் திரும்புவதைக் கொண்டு தூரத்தைக் கணக்கிடும். ஐம்பதுக்கும் மேற்பட்ட இடங்களில் கருவியை நிறுத்தி, நூறு கோடிக்கும் மேற்பட்ட புள்ளிகளைத் திரட்டினார். 2018இல் அவர் காலமானார். அடுத்த ஆண்டு, 2019 ஏப்ரல் 15 மாலை, ஆலயத்தின் கூரை தீப்பற்றி எரிந்தது. ஊசிக் கோபுரம் சரிந்து விழுந்தது.

அவர் விட்டுச் சென்ற அளவுகளும், தீக்குப் பின் எடுத்த அளவுகளும், பழைய வரைபடங்களும் சேர்ந்து மறுசீரமைப்புக்கு உதவின. தச்சர்களும் கல் தச்சர்களும் ஐந்தாண்டுக்கும் மேல் உழைத்தனர். 2024 டிசம்பர் 7 அன்று ஆலயம் மீண்டும் திறக்கப்பட்டது; மறுநாள், அமல உற்பவ அன்னையின் திருநாளன்று, திருப்பலி நிறைவேற்றப்பட்டது. தாம் காணாத நாளுக்காக ஒருவர் பொறுமையோடு அளந்து வைத்தது வீண்போகவில்லை.

பாறைக்குள் இருப்பது

கண்ணுக்குத் தெரிந்த கல்லை ஒளி அளந்துவிடும். மண்ணுக்குள் இருப்பதை எது அளக்கும்? இங்கேதான் கணிப்பொறியின் எல்லை தெரிகிறது.

ஜம்மு காஷ்மீரில் ஆற்றுப் படுகையிலிருந்து 359 மீட்டர் உயரத்தில், 1,315 மீட்டர் நீளத்தில் செனாப் ரயில் பாலம் எழுந்துள்ளது. 2025 ஜூன் 6 அன்று அது திறக்கப்பட்டது. அதன் எஃகுப் பாகங்களை நுணுக்கமாக வரைய முப்பரிமாண மென்பொருள் பயன்பட்டது. ஆனால் பாலத்தைத் தாங்கும் மலைச் சரிவில், தோண்டத் தோண்ட வெடிப்புகளும் உட்குழிவுகளும் வெளிப்பட்டன. முன்பு போட்ட திட்டத்தையே பிடித்துக் கொண்டிருந்தால் ஆபத்து. ஆகவே பாறையைப் பார்த்துப் பார்த்துத் திட்டத்தைத் திருத்தினார்கள். இதில் 17 ஆண்டுகள் ஆலோசனை வழங்கியவர் பெங்களூர் இந்திய அறிவியல் கழகப் பேராசிரியை மாதவி லதா. சென்னை ஐ.ஐ.டி.யில் ஆராய்ச்சிப் பட்டம் பெற்றவர் அவர்.

கட்டடக் கலைஞர்களுக்குப் பாதுகாவலர் யார் தெரியுமா? நம் நாட்டின் திருத்தூதர் புனித தோமையாரே. தொட்டுப் பார்க்காமல் நம்பமாட்டேன் என்றவர் அவர். மாதிரியை வரைபவர்களும் அவ்வாறே தம் கையால் மண்ணைத் தொட்டுப் பார்க்க வேண்டும். திரையில் அழகாக நிற்பதாலேயே கட்டடம் தரையில் நிற்குமென்று எண்ணலாகாது. தவறாக அளந்தால் கணிப்பொறி அத்தவறையே மிகத் துல்லியமாக வரைந்து காட்டும்!

நீங்களும் வரையலாம்

"இவையெல்லாம் ஆண்கள் வேலை" என்று எண்ண வேண்டாம். 1940இல் சென்னை கிண்டிப் பொறியியல் கல்லூரியில் பெண்கள் நுழைந்தனர். ஏ. லலிதா மின்பொறியியல் படித்தார். பி. கே. திரேசியா, லீலாம்மா ஜார்ஜ் இருவரும் கட்டடப் பொறியியல் படித்தனர். கேரளத்துக் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்த திரேசியா 1971இல் அம்மாநிலப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளரானார். அவர் காலத்தில் கணிப்பொறி மாதிரி கிடையாது; அளவுகோலும் தாளும் விடாமுயற்சியுமே இருந்தன.

நீங்கள் இன்றே தொடங்கலாம். நாலைந்து பேர் சேர்ந்து உங்கள் வகுப்பறையை அளவு நாடாவால் அளந்து எழுதுங்கள். கதவு, ஜன்னல், மின்விசிறி எதையும் விடாதீர்கள். 1 மீட்டருக்கு 2 செ.மீ. என்று வைத்து அட்டையில் மாதிரி செய்யுங்கள். 8 மீட்டர் அறை 16 செ.மீ. ஆகும். பிறகு கணினி அறையில் 'ஃப்ரீகேட்', 'பிளெண்டர்' போன்ற இலவச நிரல்களில் அதையே வரையுங்கள். இரண்டையும் ஒப்பிட்டால் எங்கே தவறாக அளந்தீர்கள் என்று தெரியும். அந்தத் தவறே உங்கள் முதல் பாடம்.

அந்தத் தாயார் கையெழுத்திட்டுவிட்டுப் போகும்போது மகளின் கணித மதிப்பெண்ணை மட்டும் விரலால் தொட்டுப் பார்த்தார். நூற்றுக்கு எழுபத்தெட்டு. "இது போதுமா டீச்சர், இன்ஜினீயருக்குப் படிக்க?" என்று கேட்டார். போதும், இன்னும் கொஞ்சம் உழைக்கட்டும் என்றேன். நாளை அம்மகள் ஒரு கட்டடத்தைத் திரையில் வரையும்போது, ஒவ்வொரு செங்கல்லையும் யாரோ ஒருவர் தலையில் சுமக்கிறார் என்பது அவளுக்கு மறக்காது. அவள் வரையும் சுவரை மறுநாள் யாரும் இடிக்க நேராதிருக்கட்டும். இறைவன் அருள்வாராக.